மாரிக்குப்பம் ரயில் நிலையம்: தங்கவயலின் கடைசி ஸ்டேஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரிக்குப்பம் எங்கே இருக்கிறது?

கர்நாடகாவின் கோலார் மாவட்டத்தில், கோலார் தங்கவயலின் தெற்குக் கோடியில் இருக்கிறது. சென்னையிலிருந்து பெங்களூரு போகும் ரயிலில் ஜோலார்பேட்டை, குப்பம் எல்லாம் தாண்டிய பிறகு பங்காருப்பேட்டை ஜங்ஷன் வரும். பெங்களூருக்கு இன்னும் 70 கிலோமீட்டர் இருக்கும் இடம் அது. அங்கிருந்து ஒரு கிளைப் பாதை பிரிந்து 16 கிலோமீட்டர் போய் மாரிக்குப்பத்தில் முட்டி நிற்கிறது. அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது.

கே.ஜி.எஃப் என்ற பெயரில் ஸ்டேஷனே இல்லையே, ஏன்?

முதல் முறை டிக்கெட் எடுப்பவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் இது. ரயில்வே அட்டவணையில் கே.ஜி.எஃப், அதாவது கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ் என்று தேடினால் கிடைக்காது. ஊர் ஒரே கொத்தாக வளராமல் சுரங்கம் சுரங்கமாக வளர்ந்ததுதான் காரணம். பாறைக்குள் தங்கம் ஓடிய ரேகை வடக்கு தெற்காகச் சுமார் 8 கிலோமீட்டர் நீண்டிருந்தது. அதன் மேலேயே கம்பெனிகள் வரிசையாக ஷாஃப்ட், அதாவது கீழே இறங்கும் ஆழ்குழி, இறக்கின. ஒவ்வொரு ஷாஃப்டைச் சுற்றியும் ஒரு குடியிருப்பு வந்தது. ரயிலும் அதே வரிசையில் நின்று நின்று போனது. கோரமண்டல், சாம்பியன் என்ற ஸ்டேஷன் பெயர்கள் சுரங்கங்களின் பெயர்கள். உரிகம், மாரிக்குப்பம் இரண்டும் சுரங்கம் வருவதற்கு முன்பிருந்தே உள்ள கிராமங்கள். பெமல் நகர் மட்டும் பின்னால் வந்தது. மண் அள்ளும் கனரக இயந்திரங்கள் செய்யும் பொதுத்துறை நிறுவனமான பெமல் 1964இல்தான் தொடங்கப்பட்டது.

ஊரின் நடுப்பகுதிக்கு, அதாவது ராபர்ட்சன்பேட்டை கடைவீதிப் பக்கம் போக வேண்டுமென்றால் பலரும் உரிகத்திலோ கோரமண்டலிலோ இறங்குவார்கள். மாரிக்குப்பம் என்று டிக்கெட் எடுத்துவிட்டு நடுவில் எங்கே வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ளலாம், அது ஒன்றும் பிரச்சினையில்லை.

கோலார் ரயில் நிலையமும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. கோலார் என்பது மாவட்டத் தலைநகர். தங்கவயலிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே போகும் பாதையும் பங்காருப்பேட்டையில்தான் பிரிகிறது, ஆனால் எதிர்ப்பக்கமாக. அது 1913இல் குறுகிய பாதையாகப் போடப்பட்டு, 1990களின் கடைசியில்தான் அகலப் பாதையாக மாறியது. மாரிக்குப்பம் பாதை முதல் நாளிலிருந்தே அகலப் பாதை. கோலார் என்ற பெயரைப் பார்த்து அந்த வண்டியில் ஏறிவிட்டுத் திண்டாடுபவர்கள் இன்றைக்கும் உண்டு.

ரயில் வருவதற்கு முன் சுரங்கத்துக்குச் சாமான்கள் எப்படி வந்தன?

மாட்டு வண்டியில்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 1802இல் ஆங்கிலேயப் படையில் லெப்டினன்டாக இருந்த ஜான் வாரன் எல்லை அளக்க வந்தபோது, உரிகம், மாரிக்குப்பம் பக்கத்து மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, மக்கள் மண்ணை அரித்துத் தங்கம் எடுப்பதை நேரில் பார்த்து எழுதி வைத்தார். அந்தக் குறிப்பைப் பல பத்தாண்டுகள் கழித்துப் படித்தவர் மைக்கேல் லாவெல். அயர்லாந்துக்காரர், நியூசிலாந்துப் போரில் இருந்துவிட்டு பெங்களூரில் குடியேறிய பழைய சிப்பாய். 1875இல் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமை வாங்கினார். அவரிடம் இருந்த பணத்துக்கு இது கட்டுப்படியாகவில்லை, இரண்டே வருடத்தில் கைமாற்றிவிட்டார். 1880இல் லண்டனிலிருந்து ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் வந்தது. ஆரம்ப வருடங்களில் அவர்களும் பணத்தைக் கொட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். மூடிவிடலாமா என்று யோசித்த கட்டத்தில் கேப்டன் பிளம்மர் என்பவர் தங்கவயலில் 'மைசூர்' என்று பெயர் வைத்த சுரங்கத்தில் பழங்காலத்துக் குழிகளைத் தொடர்ந்து இறங்கிப் போய் நல்ல தங்க ரேகையைப் பிடித்தார். 1880களின் நடுவில் நடந்தது அது. பிறகு கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு வந்தன.

இந்தக் காலம் முழுக்க ரயில் 16 கிலோமீட்டர் தள்ளி நின்றது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு கன்டோன்மென்ட் வரை 1864லேயே பாதை வந்துவிட்டது. நடுவில் இருந்த நிலையத்துக்கு அப்போதைய மைசூர் கமிஷனர் லூயின் பௌரிங் பெயரால் பௌரிங்பேட்டை என்று பெயர். இன்றைய பங்காருப்பேட்டைதான் அது. ஊர்ப் பெயர் மாறினாலும் ரயில்வே அந்த நிலையத்துக்குக் கொடுத்திருக்கும் குறியீடு இன்னும் 'BWT'தான். பௌரிங் துரை அதில் மட்டும் மிச்சமிருக்கிறார்.

இங்கிலாந்திலிருந்து கப்பலில் சென்னைக்கு வந்து, ரயிலில் பௌரிங்பேட்டை வரை வந்த பாய்லரையும் ஸ்டாம்ப் மில் இரும்புகளையும் அங்கே இறக்கி மாட்டு வண்டியில் ஏற்ற வேண்டும். பாறையை இடித்துத் தூளாக்கும் உலக்கைகள்தான் ஸ்டாம்ப் என்பவை, ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான கிலோ எடை. மழைக்காலத்துச் செம்மண் பாதையில் அந்த வண்டிகள் எப்படி வந்திருக்கும் என்று யோசித்தாலே போதும், கம்பெனிக்காரர்கள் ரயில் வேண்டும் என்று ஏன் நச்சரித்தார்கள் என்பது விளங்கிவிடும்.

இந்தப் பாதையைப் போட்டது பிரிட்டிஷ் கம்பெனியா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். போட்டது மைசூர் சமஸ்தானம். 1894இல் திறந்தார்கள். பாதை சமஸ்தானத்துக்குச் சொந்தம், வண்டி ஓட்டியது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. அப்போது மகாராஜா பத்தாம் சாமராஜேந்திர உடையார், திவான் சேஷாத்ரி அய்யர்.

சமஸ்தானத்துக்கு இதில் என்ன அக்கறை? எடுக்கும் தங்கத்தில் 5 சதவீதம் ராயல்டியாக அரண்மனைக் கஜானாவுக்குப் போனது. சுரங்கம் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு வருமானம். என் கணக்கில் இது சேஷாத்ரி அய்யர் செய்த கெட்டிக்காரத்தனமான முதலீடுகளில் ஒன்று. கம்பெனியைப் பாதை போட விட்டிருந்தால் கூடவே நிலமும் உரிமையும் கேட்டிருப்பார்கள்.

மைசூர் ராஜ்யத்தில் அப்போது மீட்டர் கேஜ்தானே அதிகம்? இது மட்டும் ஏன் அகலப் பாதை?

பெங்களூரு–மைசூரு பாதையெல்லாம் மீட்டர் கேஜ்தான், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர். ஆனால் பௌரிங்பேட்டை வழியாகப் போன மெட்ராஸ் பாதை அகலப் பாதை. சென்னையில் ஏற்றிய வேகனை நடுவில் இறக்கி ஏற்றாமல் நேராகச் சுரங்க வாசலுக்கே கொண்டு வர வேண்டுமென்றால் அதே அகலம்தான் வேண்டும். கேஜ் மாறும் இடத்தில் ஒவ்வொரு மூட்டையும் கூலி ஆள் தோளில் ஏறித்தான் அடுத்த வண்டிக்குப் போகும். 20 டன் இரும்பை அப்படி மாற்ற முடியாது.

தங்கத்தை ஏற்றிக்கொண்டு போகத்தானே இந்த ரயிலே?

எல்லோரும் கேட்கும் கேள்வி. இல்லை என்பதுதான் பதில்.

1880 முதல் 2001 வரை தங்கவயலில் எடுத்த மொத்தத் தங்கம் சுமார் 800 டன் என்று சொல்கிறார்கள். கேட்கப் பெரிதாக இருக்கிறது. இன்றைக்கு ஓடும் சரக்கு ரயிலில் ஒரு வேகனில் 60 டன்னுக்குக் குறையாமல் ஏற்றுகிறார்கள், ஒரு வண்டியில் 58 வேகன் வரை இருக்கும். அப்படிப் பார்த்தால் 120 வருடத்துத் தங்கமும் பதினாலு வேகனுக்குள் அடங்கிவிடும். கால் வண்டி கூட நிறையாது. தங்கம் கனமான உலோகம் என்பதால் இடமும் அதிகம் பிடிக்காது: 13 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரமுள்ள ஒரு படுக்கையறை இருந்தால் எல்லாவற்றையும் தரையிலிருந்து கூரை வரை அடுக்கி ஏறக்குறைய முடித்துவிடலாம். இதற்காக யாரும் 16 கிலோமீட்டர் அகலப் பாதை போட மாட்டார்கள்.

பாதை போட்டது உள்ளே கொண்டு வருவதற்கு. இயந்திரம், பாய்லருக்கு நிலக்கரியும் விறகும், சுரங்கத்துக்குள் முட்டுக் கொடுக்க மரம், வெடிமருந்து, தங்கத்தைப் பிரிக்கும் சயனைடு, இத்தனை பேர் சாப்பிட அரிசி, கேழ்வரகு. சுற்றிலும் இருந்தது வானம் பார்த்த பூமி. திடீரென்று வந்து குடியேறிய ஒரு நகரத்துக்குச் சோறு போட அந்த மண்ணால் முடியாது. ஆகவே வண்டி நிறைந்து வந்து, பெரும்பாலும் காலியாகத் திரும்பிய பாதை இது.

சரி, தோண்டிய பாறை எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஊருக்குள்ளேயே கொட்டினார்கள். இன்றைக்கும் ரயில் ஜன்னலில் இருந்து பார்த்தால் வெளிறிய சாம்பல் நிறத்தில், மழை அரித்த கோடுகளோடு, செடி கொடி சரியாக முளைக்காமல் மேடு மேடாக நிற்கிறதே, அதுதான் சயனைடு மேடு. மொத்தம் 13 மேடுகள், 3 கோடி டன்னுக்கு மேல் இருக்கும். அதை ஏற்றிப் போக நினைத்தால் இன்றைய சரக்கு ரயில் எட்டாயிரம் முறைக்கு மேல் வந்து போக வேண்டும். காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசு வீட்டுக்குள் வந்து பாத்திரத்தில் படியும், மூச்சிலும் போகும். சினிமாக்காரர்களுக்கு அது நல்ல லொகேஷன். அங்கே குடியிருப்பவர்களுக்கு அப்படியில்லை.

இவ்வளவு நிலக்கரி எங்கிருந்து வந்தது? எப்போது நின்றது?

இந்தப் பக்கத்தில் நிலக்கரி கிடையாது, வெளியிலிருந்து வந்தாக வேண்டும். தண்ணீர் இறைக்க, ஆளை இறக்கி ஏற்ற, பாறையை இடிக்க, எல்லாமே நீராவி. ரயில் வந்த பிறகும் எரிபொருள் செலவு கம்பெனிகளின் கழுத்தை நெரித்துக்கொண்டுதான் இருந்தது. காடும் சுற்றுவட்டாரத்தில் வேகமாகக் காலியானது.

இதற்குத் தீர்வு காவிரியில் கிடைத்தது. சிவசமுத்திரம் அருவியில் மின்நிலையம் கட்டி, 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து, 1902 ஜூன் மாதம் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டு வந்தார்கள். அன்றைய தேதியில் உலகிலேயே மிக நீளமான மின்கடத்தல் பாதைகளில் ஒன்று. பெங்களூருத் தெருவுக்கு மின்விளக்கு வந்தது 1905இல்தான், தங்கவயல் முந்திக்கொண்டது. திட்டத்தைத் தொடங்கிய சேஷாத்ரி அய்யர் விளக்கு எரிவதைப் பார்க்காமல் 1901இல் இறந்துபோனார்.

ஆக, நிலக்கரிக்காக என்று பார்த்தால் இந்த ரயில் முழு மூச்சில் உழைத்தது எட்டு வருடம்தான். பிறகு அந்தச் சுமை குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், பூமிக்கு அடியில் எல்லாம் மின்சாரத்தில் ஓடத் தொடங்கி பல பத்தாண்டுகள் ஆன பிறகும் மேலே ரயில் நீராவியில்தான் புகை விட்டுக்கொண்டு வந்தது.

தங்கவயலில் இவ்வளவு தமிழர்கள் எப்படி வந்தார்கள்? ரயிலில்தானா?

பெரும்பாலும் ஆமாம், ஆனால் இந்தக் கிளைப் பாதை வருவதற்கு முன்பே வரத் தொடங்கிவிட்டார்கள்.

1876இலிருந்து 1878 வரை தென்னிந்தியாவை ஆட்டிப் படைத்தது தாது வருஷப் பஞ்சம். வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களில் நிலமில்லாத கூலிக் குடும்பங்கள் ஊரோடு கிளம்பின. சிலர் கப்பலேறி இலங்கை, மலேயா, பர்மா என்று போனார்கள். வேலூர், குடியாத்தம், ஆம்பூர், திருப்பத்தூர் பக்கத்து ஆட்களுக்கு ரயில் பாதை வாசலிலேயே இருந்தது. கடல் தாண்டாமல், ஒரு நாளில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் வேலை இருந்தது. பௌரிங்பேட்டையில் இறங்கி மிச்சத்தை நடந்தார்கள். 1894க்குப் பிறகு அந்த நடையும் மிச்சமானது. சித்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கர்களும் வந்தார்கள்.

வந்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். ஊரில் பண்ணையாருக்கு அடங்கிக் கிடந்தவர்களுக்குச் சுரங்கம் சொர்க்கமாக ஒன்றும் இருந்துவிடவில்லை. மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய குடிசைகள், வரிசை வரிசையாக. அதனால்தான் இன்றைக்கும் அங்கே குடியிருப்பை 'லைன்' என்கிறார்கள். கீழே இறங்கினால் வெக்கை, பாறைத்தூள், எப்போது வெடிக்கும் என்று தெரியாத 'ஏர் பிளாஸ்ட்'. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானாகவே வெடித்துச் சிதறுவதற்கு அங்கே அதுதான் பெயர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை போனது. பாறைத்தூளால் நுரையீரல் கெட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர்.

அப்படியிருந்தும் ஏன் போனார்கள் என்றால், கையில் காசாகக் கூலி கிடைத்தது. மேல்சாதித் தெருவில் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்குப் போய்வர ரயில் இருந்தது. திரும்பி வரும்போது தம்பியையோ மச்சானையோ கூட்டி வந்தார்கள். இந்தப் போக்குவரத்து மூன்று தலைமுறைக்கு ஓடியது. கப்பலேறிப் போனவர்களுக்கு இல்லாத வசதி இது: ஊர்த் தொடர்பு அறுபடாமல் இருந்தது.

அயோத்திதாசருக்கும் மாரிக்குப்பத்துக்கும் என்ன தொடர்பு?

தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கத்துக்குச் சென்னைக்கு வெளியே கிடைத்த வலுவான இடம் தங்கவயல். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கக் கிளைகள் இருந்தன. 1907இல் சென்னையில் அவர் தொடங்கிய வார இதழ் 'தமிழன்', தபாலில் இங்கே வந்து கூடிக் கூடி வாசிக்கப்பட்டது. அவர் 1914இல் மறைந்த பிறகு, 1920களில் அதே பெயரில் இதழை மறுபடி கொண்டு வந்தவர் தங்கவயலைச் சேர்ந்த ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் நூல்கள் சாம்பியன் ரீஃப் சித்தார்த்தா புத்தகசாலையில் பதிப்பிக்கப்பட்டன. தமிழ்நாட்டில் அவரை ஏறக்குறைய மறந்திருந்த காலத்தில் அந்த எழுத்துகளைக் காப்பாற்றி வைத்திருந்தது இந்தச் சுரங்கத் தொழிலாளர் ஊர். தமிழ் இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் ஒரு முறையாவது பங்காருப்பேட்டையில் வண்டி மாறியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

பாதை யார் யார் கைக்கு மாறியது?

மெட்ராஸ் ரயில்வே, 1908 முதல் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே, 1951 முதல் தெற்கு ரயில்வே, 2003 முதல் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டம். சுரங்கத்தின் கதையும் ஏறக்குறைய இதே மாதிரிதான். 1956இல் மைசூர் மாநில அரசு எடுத்துக்கொண்டது, 1962இல் மத்திய அரசுக்குப் போனது, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற நிறுவனமானது.

மாரிக்குப்பத்தில் என்ஜினை எப்படித் திருப்புவார்கள்?

கடைசி ஸ்டேஷன் என்பதால் குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் கட்டாயம் இதைக் கேட்பார்கள். என்ஜின் இழுத்து வரும் வண்டியாக இருந்தால், நின்றதும் ஒருவர் தண்டவாளத்தில் இறங்கி, என்ஜினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவில் குனிந்து நுழைந்து பிரேக் குழாயைக் கழற்றுவார். புஸ்ஸென்று காற்று போகும். பிறகு கொக்கியை விடுவிப்பார். என்ஜின் மட்டும் தனியாக முன்னே போய், பாயின்ட் மாற்றி, பக்கத்துத் தண்டவாளத்தில் பெட்டிகளை ஒட்டியபடியே திரும்பி வந்து, மறு கோடியில் மெல்ல இடித்துச் சேரும். குழாயை மாட்டி, பிரேக் சோதித்து, கார்டு கடைசிப் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பெங்களூரு புறப்பாடு. இடம் பிடிக்க ஓடி வருகிறவர்களுக்கு இந்த இடைவெளி பெரிய உதவி.

இப்போது தனி என்ஜின் இல்லாத மெமு மின்சார வண்டிகள் ஓடுகின்றன. அவற்றுக்கு இரண்டு பக்கமும் ஓட்டுநர் அறை உண்டு. டிரைவர் பையைத் தூக்கிக்கொண்டு பிளாட்ஃபாரத்தில் நடந்து மறுமுனைக்குப் போனால் வேலை முடிந்தது.

2001இல் சுரங்கம் மூடிய பிறகு ரயிலும் நின்றிருக்க வேண்டுமே?

நின்றிருந்தால் ஊரே நின்றிருக்கும்.

பிப்ரவரி 28, 2001 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. ஆரம்ப நாட்களில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், கடைசியில் மூன்று நான்கு கிராமாகத் தேய்ந்திருந்தது. எடுக்கும் செலவு விற்கும் விலையைத் தாண்டிவிட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு ஒரே நாளில் வேலை போனது. பம்புகளை நிறுத்தியதும் சுரங்கங்களில் தண்ணீர் ஏறியது.

மிச்சமிருந்தது இந்த ரயில். விடியற்காலை வண்டியில் ஏறினால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் பெங்களூரு. மாதச் சீசன் டிக்கெட் சில நூறு ரூபாய். அந்த நேரத்தில்தான் வைட்ஃபீல்டு பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கால் சென்டர், ஜவுளிக் கடை, ஆஸ்பத்திரி, கட்டட வேலை என்று ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் போய்த் திரும்பத் தொடங்கினார்கள். தங்கவயல் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்பதால் ஐ.டி. வேலைக்குப் போனவர்களும் நிறைய. பலர் வைட்ஃபீல்டிலும் கே.ஆர்.புரத்திலுமே இறங்கிவிடுவார்கள். 2023இல் மெட்ரோ வைட்ஃபீல்டு வரை வந்தது இன்னும் வசதியாகப் போயிற்று.

சுரங்கத்துக்கு ஆள் கொண்டு வந்த பாதை, ஆளை வெளியே கொண்டு போகும் பாதையாக மாறியது இப்படித்தான். அதுவும் இந்த முறை போய் வருவது ஒரே நாளில்.

காலை வண்டியில் ஒரு முறை போய்ப் பாருங்கள். மாரிக்குப்பத்திலேயே ஜன்னல் சீட்டெல்லாம் முடிந்துவிடும். சாம்பியனில் ஏறுகிறவருக்கு மாரிக்குப்பத்து நண்பர் கைக்குட்டை போட்டு வைத்திருப்பார். பங்காருப்பேட்டை வரும் முன் பாதிப் பெட்டி தூங்கியிருக்கும். சாயங்கால வண்டியில் நேர்மாறு: பூக் கட்டுகிறவர்கள், கீரை ஆய்கிறவர்கள், சீட்டாட்டக்காரர்கள். பேச்சு தமிழில் தொடங்கி, கன்னடத்தில் வளைந்து, ஆங்கிலத்தில் முடியும். "மச்சி, ட்யூட்டி எஷ்டு கண்ட்டே?" (ட்யூட்டி எத்தனை மணிக்கு?) என்பது மாதிரியான வாக்கியங்களை வேறு எங்கும் கேட்க முடியாது.

2020 மார்ச்சில் நாடு முழுக்கப் பயணிகள் ரயில் நிறுத்தப்பட்டபோது இந்த ஊர் பட்ட பாடு தனி. வேலை இடங்கள் திறந்த பிறகும் வண்டி உடனே வரவில்லை. பஸ்ஸில் தினமும் போய்வரும் செலவைக் கணக்குப் பார்த்து வேலையை விட்டவர்களும் உண்டு, நாலைந்து பேராகச் சேர்ந்து பெங்களூரில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியவர்களும் உண்டு.

சுரங்கத்தை மறுபடி திறக்கப் போகிறார்களாமே?

தேர்தலுக்குத் தேர்தல் வரும் செய்தி. சயனைடு மேடுகளில் மிஞ்சியிருக்கும் தங்கத்தை எடுப்பது பற்றிய பேச்சும் உண்டு. ஆழச் சுரங்கத்தைத் திறக்கத் தேங்கிய தண்ணீரை வெளியேற்றுவதே பெரிய வேலை. மேடுகளைக் கிளறுவது நடந்தாலும் நடக்கலாம்.

குப்பத்துக்குப் புதிய பாதை வருகிறது என்கிறார்களே, அதனால் என்ன லாபம்?

மாரிக்குப்பத்திலிருந்து ஆந்திராவின் குப்பம் வரை சுமார் 23.7 கிலோமீட்டர் புதிய பாதைக்கு 2011–12 ரயில்வே பட்ஜெட்டில் ஒப்புதல் கிடைத்தது. இரண்டு மாநிலங்களில் நிலம் எடுக்க வேண்டியிருந்ததால் பல வருடம் இழுத்தது.

முடிந்தால், சென்னைப் பக்கத்திலிருந்து வரும் வண்டி குப்பத்தில் பிரிந்து, தங்கவயல் வழியாகப் பங்காருப்பேட்டை போய் மறுபடி மெயின் லைனில் சேரலாம். 1894லிருந்து முட்டுச்சந்தாக இருக்கும் மாரிக்குப்பம் வழித்தட ஸ்டேஷனாகிவிடும். சரக்கு வண்டிகளுக்கும் மாற்றுப் பாதை கிடைக்கும். ஊர்க்காரர்கள் சிலருக்கு ஒரு பயமும் இருக்கிறது: இப்போது வண்டி காலியாக இங்கிருந்து புறப்படுவதால் உட்கார இடம் கிடைக்கிறது, நாளைக்கு வேறு ஊரிலிருந்து நிரம்பி வந்தால்? நியாயமான பயம்தான். காலை வண்டி மட்டுமாவது மாரிக்குப்பத்திலிருந்தே புறப்பட வேண்டும் என்று இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

போய்ப் பார்க்க வேண்டுமென்றால்?

சென்னையிலிருந்து வருகிறவர்கள் பங்காருப்பேட்டையில் நிற்கும் வண்டியாகப் பார்த்து ஏறி, அங்கே மாரிக்குப்பம் வண்டி பிடிக்கலாம். இரண்டு வண்டிக்கும் நடுவே நீண்ட இடைவெளி இருக்கலாம், அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வெளியே ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் கிடைக்கும். பெங்களூரிலிருந்து என்றால் சாயங்கால வண்டியைத் தவிருங்கள், வேலை முடிந்து திரும்புகிறவர்களின் வண்டி அது, நிற்கவும் இடம் இருக்காது. காலையில் பெங்களூரிலிருந்து எதிர்த்திசையில் வரும் வண்டியில் தாராளமாக உட்கார்ந்து வரலாம்.

வரும்போது உரிகம் தாண்டியதும் ஜன்னல் பக்கம் இருங்கள். ஷாஃப்ட் கோபுரங்களும் சயனைடு மேடுகளும் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். சுரங்கத்துக்குள் போக அனுமதி கிடையாது. மூடிக் கிடக்கும் ஷாஃப்ட்கள் பக்கம் தனியாகப் போக வேண்டாம், சில இடங்களில் வேலி இல்லை. சாம்பியன் ரீஃபில் இறங்கி லைன் வீடுகள் வழியாக நடந்தால், சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர்கள் யாராவது திண்ணையில் இருப்பார்கள். எந்த ஷாஃப்ட், எத்தனையாவது லெவல் என்று கேளுங்கள், மிச்சத்தை அவர்களே சொல்வார்கள். திரும்பிப் போகும் கடைசி வண்டியின் நேரத்தை மட்டும் முன்கூட்டியே கவுண்டரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.